ஆறாம் நம்பர் பெட்டியும் என் தங்கை வீட்டுக்காரரும்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று என் கடையில் குழாய் வாங்காமல் இந்த வட்டாரத்தில் எவனும் வீடு கட்டுவதில்லை. மூன்று மாடிக் கட்டடம் என் பெயரில் நிற்கிறது. இதில் முதல் மாடியை இருபத்திரண்டு வருடமாகக் குப்பைமேடாக்கி வைத்திருப்பவர் என் தங்கையின் கணவர். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் எட்டு கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டு பிரவுசிங் சென்டர் திறந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஈ மாதிரி மொய்க்கும். 'கேம்ஸ் மாமா' என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் கீபோர்டு ஒன்றைக் கவிழ்த்துத் தட்டினார். நகத்துண்டு, முடி, பிஸ்கட் தூள், காய்ந்த மூக்குச்சளி எல்லாம் கொட்டின. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவரோ பெயின்ட் பிரஷ்ஷால் அதைத் தள்ளிவிட்டு டீ குடித்தார்.

எல்லார் கையிலும் போன் வந்ததும் பிள்ளைகள் காணாமல் போனார்கள். புத்தி உள்ளவன் அன்றே காயலான் கடைக்காரனைக் கூப்பிட்டிருப்பான். இவர் சேர்க்க ஆரம்பித்தார். எதை என்று கேட்கிறீர்களா? விளையாட்டுகளை. குடை பிடித்த தவளை வாய்க்காலைத் தாண்டுமாம். வாத்து துணி துவைக்குமாம். பூனைக்குச் சட்டை மாட்ட வேண்டுமாம். முன்பு இணையத்தில் ஓசியில் கிடந்தவை. அவற்றை ஓட்டும் சாஃப்ட்வேரைச் செய்த கம்பெனியே கைகழுவிவிட்டதால் புதுக் கம்ப்யூட்டரில் ஓடாதாம். அவற்றைப் போட்டு வைத்திருந்த இணையதளங்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. போனால் போகட்டும் என்று விடாமல், ஐம்பது வயது மனிதர் உட்கார்ந்து வாத்தைப் பத்திரப்படுத்தினார். வெளியே சொல்லவே எனக்குக் கூசியது.

அவரிடம் மிச்சமிருந்த பழைய கம்ப்யூட்டர்களில் இந்த விளையாட்டுகள் ஓடியது ஆறாம் நம்பர் பெட்டியில் மட்டும்தான். அதற்குள் ஒரு சாஃப்ட்வேர் பூட்டு உண்டு. பிள்ளைகள் என்ன கெடுத்தாலும், அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும். புதிதாகச் சேர்ந்தது எல்லாம் அழிந்துபோகும். பூட்டைப் போட்ட டெக்னீஷியன் பாஸ்வேர்டைச் சொல்லாமலே வெளிநாடு போய்விட்டான்.

போன மாதம் ஒரு தளம் மூடப்போவதாக அறிவித்தது. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு விளையாட்டுகள். வேறெங்கும் கிடையாதாம். இவர் ஆறாம் நம்பரில் உட்கார்ந்து ஒன்பது நாள் ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒருமுறை திறந்தது, அணைக்காதவரை பெட்டியின் வயிற்றில் தங்கியிருக்குமாம். தளம் மூடியதும் அவற்றை ஒயர் வழியாகப் பக்கத்துப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். பென் டிரைவ் செருக வழியில்லை. அந்தத் துளைகளில் பிள்ளைகள் எந்தக் காலத்திலோ பபிள்கம்மை அடைத்திருந்தார்கள். மாற்றப்போன அன்று பார்த்தால், கட்டுக்கட்டாகக் கிடந்த ஒயரையெல்லாம் எலி கடித்துத் துப்பியிருக்கிறது. புது ஒயர் வாங்க டவுனுக்குப் போனார்.

அந்த நேரத்தில்தான் நான் மாடி ஏறினேன். படியிலேயே நாற்றம் அடித்தது. செத்த எலி. மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனால், ஆறாம் நம்பர் மேல் ஒரு சீட்டு: 'அணைக்கக் கூடாது. யாரும்.' என் கட்டடத்தில் எனக்கே உத்தரவா? சுவிட்சை அணைத்தேன். பக்கத்தில் இருந்த பேட்டரிப் பெட்டி கீ கீ என்று கத்தியது. அதையும் அணைத்து வாயை அடைத்தேன். பெட்டியை இழுத்தால் பின்னால் எலி, உப்பி, புழு நெளிய, ஒயர்த் துண்டுகள் மேல் கிடந்தது. என் கையாலேயே காகிதத்தில் அள்ளி எறிந்து, பினாயில் ஊற்றிக் கழுவினேன். வேலை என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அவர் புது ஒயரோடு வந்தார். தரை ஈரத்தைப் பார்த்தார். இருண்ட திரையைப் பார்த்தார். பெட்டியைப் போட்டு, பழைய படம் வரும்வரை நின்றுகொண்டே இருந்தார். எதையோ திறந்து பார்த்து மூடினார். கத்துவார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"நாத்தம் போயிடுச்சு மச்சான்," என்றார். அவ்வளவுதான். ஒயரை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் என் தங்கை கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் இருவர் நிற்கும்போதே கேட்டாள். "ஏண்ணே, அந்தச் சீட்டைப் படிச்சியா, படிக்கலையா?"

படிக்கத் தெரியாதவன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாலாம் வகுப்புப் படிப்பு அன்றுதான் எனக்கு எதிரியாக நின்றது. "படிச்சேன்," என்றேன்.

"படிச்சிட்டுதான் அணைச்சியா. அப்ப சரி. எலியாவது தெரியாமக் கடிச்சிச்சு."

எலியைப் பார்த்துக் குமட்டியதைவிட என்னைப் பார்த்து அதிகம் குமட்டியது. நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகியவன் இல்லை. அதனால் மூன்றாம் நாள் அவரிடம் போய், அந்த விளையாட்டு வேறு எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்குமா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "அந்தக் காலத்துல பிள்ளைங்க வீட்டுல வெச்சு விளையாடின பழைய கம்ப்யூட்டர்ல இருக்கலாம். பரண்ல கிடக்கும். யாரு போய்க் கேக்குறது?"

யார் கேட்பதா? குழாய் மாட்ட நான் நுழையாத வீடு இந்த வட்டாரத்தில் உண்டா? என்னைப் பார்த்தால் பரண் கதவைத் திறக்காதவன் யார்? அன்றே கிளம்பினேன். இதுவரை முப்பத்தெட்டு பெட்டிகளைச் சுமந்து வந்துவிட்டேன். ஒன்றைத் திறந்தால் கரப்பான் குடும்பத்தோடு குடியிருக்கிறது. இன்னொன்றில் பூனை குட்டி போட்டுவிட்டுப் போன அழுக்கு. ஒரு வீட்டில் துடைக்காமலே கொடுத்தார்கள். பெட்டிமேல் என்ன ஒட்டியிருந்தது என்று எழுத மாட்டேன். மனிதர்கள் இவ்வளவு அசிங்கமாக இருப்பார்கள் என்று குழாய் வேலையில்கூட நான் கண்டதில்லை. துடைப்பது நான். வயிற்றைத் துழாவுவது அவர். இருநூற்றுப் பன்னிரண்டில் பதினொன்று கிடைத்திருக்கிறது. வாத்து அதில் ஒன்று. அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது, துணி காய்வதில்லை.

என்னோடு அவர் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. நேற்று முப்பத்தெட்டாவதை மாடியில் இறக்கியபோது மட்டும், தலையைத் தூக்காமல், "கையைக் கழுவிட்டு அந்தக் கீபோர்டையும் தட்டுங்க மச்சான்," என்றார். தட்டினேன். கொட்டியதைப் பார்த்து வாந்தி எடுத்தேன்.