அத்தை பார்க்க ஆசைப்பட்ட ஊர்

நான் ஹைஸ்கூலை முடித்தவள் இல்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. ஹூஸ்டனில் என் சமையல்கூடத்துச் சாம்பார் இல்லாமல் ஒரு தமிழ்க் கல்யாணம் நடந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள், பார்க்கலாம். இருபத்தேழு பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். அதில் இரண்டு பேர் காலேஜ் முடித்தவர்கள். எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தது, யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. ஆனால் மியூசியம் என்று நான் போனது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான். அந்த நாளைப் பற்றிப் பேசும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு ஒன்பது வயது. அப்பா, அம்மா, அத்தை, நான் என்று நாலு பேர் ஹூஸ்டனில் இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்டில் இருந்தோம். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. நர்ஸ். எங்கள் குடும்பத்தில் முதலில் அமெரிக்கா வந்தவள் அவள்தான். சிட்டிசன் ஆனதும் அப்பாவை ஸ்பான்சர் பண்ணி, எங்களை வரவழைத்து, தன் கட்டிலில் பாதியை எனக்குக் கொடுத்தாள். அவளுக்கு முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை.

மெட்ராஸில் இருந்த மாமாவுக்கும், அதாவது அம்மாவின் அண்ணனுக்கும், ஆகவில்லை. இரண்டையும் சேர்த்துவிட்டால் மாமாவும் அமெரிக்கா வந்துவிடுவார், வெளியாள் யாரும் வீட்டுக்குள் வர வேண்டியதில்லை என்பது அம்மாவின் கணக்கு. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அத்தை "ஊருக்குப் போய்ப் பாக்கலாம்" என்றாள். அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கல்யாணப் புடவையும் வாங்கிவிட்டாள். எனக்கோ அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. பிடித்த இரண்டு பேரும் ஒரே வீட்டில்.

மெட்ராஸ் போகும் வழியில் பெல்ஜியத்தில் ஒரு நாள் தங்கல். அம்மா கடைகளுக்குப் போகலாம் என்றாள். அத்தை மட்டும் கைப்பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்தாள். அவள் வார்டில் பெல்ஜியத்துப் பிளெமிஷ்காரி ஒருத்தி வேலை பார்த்தாளாம், தன் ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தப் பெயர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது. "அண்ணே, இதை மட்டும் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள். அத்தை தனக்கென்று எதையும் கேட்கிறவள் இல்லை. அதனால் அப்பா உடனே ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார்.

சின்ன ஊர். நடுவில் கல் பாவிய சதுக்கம், கால் மணிக்கு ஒருதரம் பாட்டாகவே அடிக்கிற மணிக்கூண்டு, சுவரெல்லாம் கற்சிலை நிற்கிற நகர மண்டபம். மண்டபத்துக்குள்ளே மியூசியம். சுவரை மூடித் தொங்கிய பெரிய பெரிய நெசவுத் திரைகளில் காடும் பறவையும் இருந்தன. அப்பா ஒவ்வொன்றுக்கு முன்னாலும் அத்தையை நிறுத்திப் போட்டோ எடுத்தார். அம்மாதான் எடுக்கச் சொன்னாள், மாமா பார்க்க.

"கொஞ்சம் சிரியேன். ஊசி போடப் போற மாதிரியே நிக்கறே" என்றாள் அம்மா.

"மொகமே அப்படித்தான் அண்ணி. பேஷன்ட்டுங்க யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணதில்ல."

ஊர் ஓரத்தில் வாய்க்காலைத் தாண்டி ஒரு வளைவு வாசல். உள்ளே புல்தரை, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வெள்ளை வீடுகள். அதில் ஒரு வீட்டைப் பழையபடியே வைத்து மியூசியமாக்கியிருந்தார்கள். வாசலில் நின்று பார்த்தால் முன்னறையில் மாதா படமும் மெழுகுவர்த்தியும் தெரிந்தன. சாமி இருக்கிற வீடு. நாங்கள் நாலு பேரும் வாசலிலேயே ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனோம். எங்களுக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதி அந்த வரிசையைப் பார்த்தார்கள், அதுதான் முறை போலிருக்கிறது என்று அவர்களும் கழற்றிவிட்டார்கள். சுற்றிக்காட்ட வந்த கிழவி ஆறு ஜோடியையும் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தானும் கழற்றினாள்.

அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அப்பா அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். "பழைய காலத்து விதவைங்க மடம்."

"விதவை மட்டும் இல்ல அண்ணே" என்றாள் அத்தை. "கல்யாணம் வேணாம்னு இருந்தவங்களும்தான். லேஸ் பின்னி அவங்களே சம்பாதிச்சுச் சாப்ட்டாங்களாம். கன்னியாஸ்திரீயும் இல்ல. நெனச்சா எப்ப வேணும்னாலும் வெளிய போலாமாம்."

"ஆம்பளைங்கல்லாம் சண்டையில செத்திருப்பாங்க. பாவம், வேற என்ன பண்ணுவாங்க" என்றாள் அம்மா.

அத்தை கிழவியிடம் ஏதோ கேட்டாள். கிழவி தலையை ஆட்டிவிட்டு நீளமாகப் பதில் சொன்னாள். எனக்குக் காது அதில் இல்லை. லேஸ் பின்னுகிற நூல்கட்டைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கிய தலையணையைத் தொடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து ஷூ போட்டுக்கொண்டோம். அத்தையின் ஜோடி மட்டும் வாசலிலேயே இருந்தது. ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு பானையா எண்ணிட்டிருக்காளா உங்க தங்கச்சி?" என்றாள் அம்மா. அப்பா என்னைப் பார்த்து, "போய்க் கூட்டிட்டு வா" என்றார்.

அத்தை பின்கட்டுச் சமையலறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு அடுப்பு, ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான் அந்த அறை. உட்காரக் கூடாது என்று கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். கிழவி பார்த்தும் பார்க்காத மாதிரி ஜன்னலோரம் நின்றாள்.

"ட்ரெய்ன் போயிடும் அத்தை."

"ஒண்ணு கேட்டா நெஜத்த சொல்வியா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை உங்க கூட மெட்ராஸ் வரலேன்னா அழுவியா?"

எனக்கு அப்போதே பெருமை அதிகம். ஸ்கூலில் கீழே விழுந்து முட்டி கிழிந்தபோதும் அழாதவள் என்று பெயர் வாங்கியிருந்தேன். "நான் ஏன் அழணும்? நான் என்ன பேபியா?" என்றேன்.

"நெஜமா?"

"ப்ராமிஸ்."

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து ஷூவைப் போட்டுக்கொண்டாள். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் அவள் மடியில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏர்போர்ட் கவுண்டரில் அப்பா நாலு டிக்கெட்டையும் நீட்டினார். அத்தை தன்னுடையதை மட்டும் உருவி எடுத்தாள்.

"நீங்க போயிட்டு வாங்கண்ணே. நான் ஹூஸ்டனுக்கு மாத்திக்கறேன்."

அம்மா அவள் கையைப் பிடித்தாள். "எங்கண்ணன் மாலையோட வந்து நிப்பாரே. நான் என்னன்னு சொல்லுவேன்?"

"வேணாம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க அண்ணி. மொதல்லயே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

"நீங்க சொல்லுங்களேன்" என்று அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். அப்பா தங்கையைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். "அவளுக்கு நான் என்னத்த சொல்றது" என்று மெதுவாகச் சொன்னார். அம்மா அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

அத்தை என் முன்னால் குனிந்தாள். முகம் வெளுத்திருந்தது. நேற்றுக் கேட்டதையே திரும்பக் கேட்கிற மாதிரி என் கண்ணைப் பார்த்தாள். எனக்கு அழுகை வரப் பார்த்தது. ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேனே. பல்லைக் கடித்துக்கொண்டு, மோவாயை நிமிர்த்தி, கையை மட்டும் ஆட்டினேன். அவள் என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு என் கண்ணில் ஒரு சொட்டு வந்திருந்தால் அவள் எங்களோடு மெட்ராஸ் வந்திருப்பாள், மாமாவையும் கட்டியிருப்பாள். இது எனக்குப் புரிய எத்தனையோ வருஷம் ஆனது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாகூட அழுதாள், நான் அழவில்லை என்பதுதான். விமானத்தில் அம்மாவிடம் அதைச் சொல்லிக்கூடக் காட்டினேன். அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.