கூழும் ஊசியும்

மைமூன் டாக்டர் இறந்த செய்தியை அவருடைய மகள்தான் போனில் எனக்குச் சொன்னாள். காலை நேரம். கிளினிக்கின் முன்கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். "செல்வி ஆன்ட்டி, அம்மா மவுத்தாயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்பறம் அடக்கம்" என்றாள். டாக்டர் படுக்கையில் விழுந்த பிறகு வேறொரு இளம் மருத்துவர்தான் வந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் பழைய ஆட்கள் மைமூன் டாக்டரை விசாரிப்பதை நிறுத்தவில்லை. அன்று குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், "டாக்டரம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டார். இனி வரமாட்டார் என்றேன். ஊரை விட்டுப் போய்விட்டாரா என்று கேட்டார். இறந்துவிட்டார் என்று தெளிவாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தச் சொல்லை அன்று நான் சொன்னது அதுவே முதல் தடவை.

பேகம்பூரில் அவர் வீட்டுக்குப் போனபோது பெண்கள் நிறையப் பேர் கூடியிருந்தார்கள். பாதிப் பேர் சொந்தக்காரர்கள், பாதிப் பேர் அவரிடம் வைத்தியம் பார்த்தவர்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தாழ்ந்த குரலில், "இம்புட்டுப் பாத்துப் பாத்துச் சாப்ட்டவங்களுக்கே இப்புடி ஆயிருச்சே" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை; உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. உங்களில் பலருக்கும் அந்தக் கேள்வி இருக்கும் என்று நினைக்கிறேன். உணவைப் பற்றி இந்த ஊரில் அவர் அளவுக்குப் பேசிய மருத்துவர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. அவருக்கு வந்தது கணையத்தில் புற்றுநோய்.

அந்தக் கேள்விக்கு அவரே பதில் சொல்லியிருக்கிறார். நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, தெரிந்தவர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவர் கோதுமைப்புல் சாறு, ஒருவர் ஏதோ மலைத்தேன், இன்னொருவர் பெயர் எழுதாத ஒரு பொடி. எல்லோரையும் உட்காரவைத்து நன்றி சொன்னார். எதையும் சாப்பிடவில்லை. மதுரைக்குப் போய் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டு வந்து, ரசம் சோறும் அவித்த முட்டையும் சாப்பிட்டார். பொடி கொண்டுவந்தவர் வருத்தப்பட்டு, வாழ்நாள் முழுக்க நல்ல சாப்பாடு சாப்பிட்டும் பலன் இல்லாமல் போய்விட்டதே என்று சொன்னபோது நான் அங்கே இருந்தேன். "சாப்பாடு சாவத் தடுக்கும்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்லண்ணே. இருக்குற வரைக்கும் ஒடம்பு நம்ம பேச்சக் கேக்கும்னு தான் சொன்னேன். இம்புட்டு நாளு கேட்டுச்சு" என்றார்.

மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் உணவு ஆலோசகராகப் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, ரெட்டியார்சத்திரத்தில் எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் திரும்பி வந்தவள் நான். மணிக்கூண்டுக்குப் பின்னால் இருந்த அவருடைய கிளினிக்கில் வேலை கேட்டுப் போனேன். இந்த ஊரில் கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை, பெண்களில் பாதிப் பேருக்கு ரத்தம் இல்லை, மாத்திரை எழுதி எழுதித் தனக்குக் கை வலிக்கிறது என்று அவர் சொன்னார். கணக்கெடுத்துச் சொன்னதல்ல, அது அவர் பேச்சு வழக்கம். அன்றிலிருந்து அவருடைய அறையை ஒட்டி எனக்கு ஒரு மேசை. அவர் பார்த்து முடித்த ஆட்கள் என்னிடம் வருவார்கள். எங்களுக்குள் அபிப்பிராய பேதங்கள் இருந்தன. பழச்சாறு, நெய் இரண்டைப் பற்றியும் கடைசி வரை நாங்கள் ஒத்துப்போகவில்லை.

அவர் யாருக்கும் பிரியாணியை விலக்கச் சொன்னதில்லை. இது பலருக்கு ஆச்சரியம். தோல் வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். வீட்டில் விசேஷங்களுக்குக் குறைவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் அவர் சீரகச் சம்பா பிரியாணியை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வரிசையில் இருந்த நோயாளி ஒருவர், "நீங்களே சாப்டுறீங்களே டாக்டரம்மா" என்று மடக்கினார். "நான் கல்யாணத்துக்குச் சாப்டுறேன். நீங்க வெறும் செவ்வாக்கெழமைக்கும் சாப்டுறீங்க" என்று சொல்லிவிட்டு இலையில் இருந்த தயிர் வெங்காயத்தை முடித்தார். அந்த மனிதர் அதற்குப் பிறகும் எங்களிடம்தான் வந்தார்.

பாரம்பரிய உணவு என்றால் சிறுதானியம் மட்டும்தான் என்று யாராவது பேசினால் அவருக்குப் பிடிக்காது. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சும் நோன்புக் கஞ்சியும் தலைமுறை தலைமுறையாக வந்ததுதானே என்பார். ரமலான் மாதத்தில் பள்ளிவாசலிலிருந்து ஒரு தூக்குவாளிக் கஞ்சி கிளினிக்குக்கு வரும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கு அதே கஞ்சியை வீட்டில் வைக்கும் முறையைச் சொல்லி அனுப்பும்படி என்னிடம் சொல்வார். எரியோட்டிலிருந்து வரும் விவசாயக் குடும்பங்களில்கூட இன்று அந்தக் கஞ்சி வைக்கிறார்கள் என்றால் அதற்கு அவர்தான் காரணம்.

இனிச் சொல்லப்போவதை அவரே உயிரோடு இருந்தபோது வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார் என்பதால் எழுதத் தயக்கமில்லை.

குஜிலியம்பாறையில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிறுதானியத் திருவிழா நடத்தினார்கள். டாக்டர்தான் சிறப்புப் பேச்சாளர். மண்டபம் நிறைந்திருந்தது, கம்பங்கூழும் சோளப் பணியாரமும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். அவர் நன்றாகப் பேசினார். கூட்டம் கைதட்டக் கைதட்டப் பேச்சு கொஞ்சம் ஏறிவிட்டது. "நம்ம பாட்டன் பூட்டன் சாப்ட்டதச் சாப்ட்டாப் போதும், இந்த மாத்திரை ஊசியில பாதிய வீசிறலாம்" என்றார். அதற்குத்தான் அதிகமாகக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்தக் கூட்டத்தில் பழனிச்சாமி என்ற விவசாயி உட்கார்ந்திருந்தார். எரியோட்டுக்குப் பக்கத்தில் மானாவாரி நிலம். நெடுநாள் சர்க்கரை நோயாளி, தினமும் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர். வீட்டுக்குப் போனதும் ஊசியை நிறுத்திவிட்டார். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் கம்பங்கூழ். சொம்பு சொம்பாகக் குடித்திருக்கிறார். முதலில் உடம்பு இலேசானதுபோல் இருந்ததாம். எடை குறைந்ததை நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டார். பிறகு காலில் ஒரு சின்னக் காயம், அது பழுத்தது. அவரை எங்கள் கிளினிக்குக்குக் கொண்டுவந்தபோது நெஞ்சு ஏறி இறங்க மூச்சு வாங்கினார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. டாக்டர் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்தார். கருவியில் எண் வரவில்லை, அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. உடனே சலைன் ஏற்றினார், ஆம்புலன்ஸை வரவழைத்தார். எப்போதிருந்து ஊசி போடவில்லை என்று அவர் மனைவி முத்துலட்சுமியிடம் கேட்டார்.

"நீங்க மண்டபத்துல பேசுன அன்னைலருந்து டாக்டரம்மா. நீங்க சொன்னதத்தான் அவரு செஞ்சாரு" என்றார் முத்துலட்சுமி.

குரலில் கோபம் இல்லை. விவரம் கேட்டதற்கு விவரம் சொன்னார், அவ்வளவுதான். டாக்டர் மற்ற நோயாளிகளை மறுநாள் வரச் சொல்லும்படி என்னிடம் கூறிவிட்டு, ஆம்புலன்ஸில் தானும் ஏறிக்கொண்டார்.

பழனிச்சாமி பிழைத்துக்கொண்டார். வலது காலில் ஒரு விரலை எடுக்க வேண்டியிருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் டாக்டர் சரியாகப் பேசவே இல்லை. பாதி மருந்து என்றுதானே சொன்னீர்கள், முழுவதையும் நிறுத்தச் சொல்லவில்லையே என்று நான் ஒருநாள் சமாதானம் சொன்னேன். "கை தட்டுறாங்கன்னு சொன்னது செல்வி அது. எனக்கே தெரியும், சொல்லும்போதே தெரியும்" என்றார்.

பிறகு அவர் செய்ததைத்தான் உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே மண்டபத்தில், அதே ஆட்களை மறுபடி கூட்டும்படி விழாக்காரர்களிடம் கேட்டார். அவர்களுக்கு அதில் விருப்பமில்லை. இதைப் பெரிதாக்கினால் சிறுதானியத்துக்கே கெட்ட பெயர் வரும் என்றார்கள். நடந்ததை மறைத்தால்தான் கெட்ட பெயர் என்று இவர் சொன்னார். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை பாதி மண்டபம்தான் நிறைந்தது. பழனிச்சாமியிடம் முன்பே போய், உங்கள் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டிருந்தார். அவர், பெயரைச் சொல்வதென்ன, நானே வந்து உட்காருகிறேன் என்று, கட்டுப் போட்ட காலோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் சுருக்கமாகத்தான் பேசினார். "போன தடவ இதே எடத்துல நின்னு நான் பேசுனதுல ஒரு பேச்சு தப்பு. ஊசியில பாதிய வீசிறலாம்னு சொன்னேன். அத நம்பி இவரு ஒரு வெரலக் குடுத்துட்டாரு. உசுரு போயிருக்கும். தப்பு அவரு மேல இல்ல, என் மேல" என்றார். கம்பும் மாவுச்சத்துதான், கரைத்துச் சொம்பு சொம்பாகக் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும் என்று விளக்கினார். அளவு, கூடச் சேர்க்கும் பயறு, கீரை எல்லாம் சொன்னார். பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, "அப்பக் கூழு குடிக்க வேணாங்கிறீங்களா?" என்று கேட்டார்.

"கூழும் குடிங்க, ஊசியும் போடுங்க. எதக் கொறைக்கணும்னாலும் சோதிச்சுப் பாத்துட்டுக் கொறைப்போம்" என்றார்.

யாரும் கைதட்டவில்லை. பழனிச்சாமி மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த விழாவுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

அதோடு அவர் உணவை விட்டுவிடவில்லை. பழனிச்சாமி வீட்டுக்கு நானும் அவரும் அடிக்கடி போனோம். கூழைச் சோறாக்கினோம், மதியம் மட்டும் அளவாகக் கம்பஞ்சோறு, வெஞ்சனமாக மொச்சையோ தட்டைப்பயறோ, அவர்கள் வேலியிலேயே நின்ற முருங்கையின் கீரை. இரவில் ரேஷன் அரிசிச் சோறுதான், ஆனால் பாதித் தட்டு காய். வாரா வாரம் ரத்தம் பார்த்தோம். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இன்சுலின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் முன்பு போட்டதில் பாதிக்கு வந்து நின்றது. பழனிச்சாமி சிரித்துக்கொண்டே, "அப்ப நீங்க மொதல்லச் சொன்னது சரிதான டாக்டரம்மா?" என்றார்.

"இல்லண்ணே. அன்னைக்கு அது வாய்ச்சொல்லு. இன்னைக்குத்தான் அது சரி" என்றார் டாக்டர்.

அடக்கத்தன்று பழனிச்சாமி வந்திருந்தார். அடக்கம் நடந்த மையவாடி வரைக்கும் நடந்து போனதாக முத்துலட்சுமி என்னிடம் சொன்னார்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். சமையல் குறிப்புகளில் பெரும்பாலானவை எனக்கு முன்பே தெரியும். நான் வைத்துக்கொள்ளப்போவது வேறொன்று. அவர் நோயில் விழுவதற்குச் சற்று முன்னால் நடந்தது அது.

பஞ்சாலையில் மேஸ்திரியாக இருக்கும் ஒருவர் சர்க்கரை ஏறிப்போய் வந்திருந்தார். காலையில் களி, மதியம் தினைச் சோறு, மாலையில் கொள்ளு ரசம் என்று எல்லாவற்றையும் பாரம்பரியமாக மாற்றிவிட முடிவு செய்திருந்தார். எங்கள் ஒப்புதல் மட்டும் வேண்டும். அவருடைய மனைவி அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்து, காலையில் எப்போது எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கோழி கூவுமுன் என்றார் அவர். அவருக்கும் அதே மில்லில்தான் வேலை. வேலைக்குப் போவதற்குள் இவருக்கொன்று, மற்றவர்களுக்கொன்று என்று இரண்டு சமையல் எப்படி முடியும் என்று டாக்டர் கேட்டதற்கு அந்தப் பெண் கணவரைப் பார்த்தார்.

"உங்களுக்குக் களி கிண்டத் தெரியுமா?" என்று டாக்டர் மேஸ்திரியைக் கேட்டார்.

"தெரியாதுங்க."

"கத்துக்கங்க. சுகரு உங்களுக்குத்தான? அவங்களுக்கு ரத்தமே இல்ல, மூஞ்சியப் பாத்தாத் தெரியல?"

உடனே அந்தப் பெண்ணுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அடுத்த மாதம் கணவர் வந்தபோது மணிக்கட்டில் சூடுபட்ட தழும்பு. களி கட்டிதட்டிப் போகிறது, என்ன செய்வது என்று என்னிடம் சந்தேகம் கேட்டார். மனைவிக்குக் கீரையும் எள்ளுருண்டையும் மாத்திரையும் நடந்துகொண்டிருந்தன.

அதுவரை என் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலிதான் இருந்தது. நோயாளி உட்காருவார், கூட வந்தவர் நிற்பார். இப்போது அங்கே இரண்டு நாற்காலிகள் கிடக்கின்றன. யார் வந்தாலும், அவர்கள் வீட்டில் அடுப்படியில் நிற்பவர் யாரோ அவரை முதலில் உட்காரச் சொல்கிறேன்.