புளி தட்டும் நேரத்து வைஃபை

இண்டூர் எலக்ட்ரீஷியன் அர்ச்சுனனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டால், ஓட வைத்ததோடு கிளம்ப மாட்டார். ஏன் நின்றது என்று தெரிகிறவரை அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர்கள் சோறு போட்டே சலித்துப்போவார்கள். நாற்பது வயதுக்கு மேல் வீடுகளுக்கு இன்டர்நெட் வயரிங்கும் செய்யத் தொடங்கியபோது இந்தப் பழக்கம் முற்றிவிட்டது. வைஃபை கண்ணுக்கே தெரியாத சங்கதி அல்லவா, அது போதாதா அவருக்கு!

மாசி மாதம் மாரப்பன் வீட்டு மருமகள் கோகிலவாணி கூப்பிட்டாள். பெங்களூரு கம்பெனி வேலையை மாடி அறையில் இருந்தபடியே பார்க்கிறவள். மத்தியானமானால் மீட்டிங் பாதியில் அறுந்துவிடுகிறது. திங்கட்கிழமையும் அறுந்தால் பெங்களூருக்கே வந்துவிடச் சொல்லிவிட்டார்கள்.

“கொழந்தைக்கு எட்டு மாசங்கண்ணா. தூக்கிக்கிட்டுப் போனா அங்க பாத்துக்க ஆளில்ல. வுட்டுட்டுப் போக மனசில்ல,” என்றாள்.

அர்ச்சுனன் வீட்டின் படத்தை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்தார். கையில் ஃபோனோடு அறை அறையாக நடந்தார். கூடத்தில் சிக்னல் முழுசாக இருந்தது, படிக்கட்டில் பாதி, மாடி அறையில் கால். சரி, மாடிக்கு நெட் கம்பிதான் என்று முடிவாயிற்று. வேறு ஆளாக இருந்தால் இழுத்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் அதே கால் சிக்னலில் காலையில் ஒழுங்காக ஓடுவது மத்தியானம் மட்டும் ஏன் அறுகிறது? அந்தக் கேள்வி அவரைப் பிடுங்கித் தின்றது. கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு மணிக்குப் பதில் வாசல் வழியாகவே வந்தது. ஊர்க்காரி காசியம்மாளும் இன்னும் பதினோரு பெண்களும் கூலிக்குப் புளி தட்டிக் கொட்டை எடுக்க வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு செல்ஃபோனைக் கூடையில் சாய்த்து வைத்தார்கள். பன்னிரண்டு ஃபோனிலும் சீரியல்! சுவரில் வைஃபை பாஸ்வேர்டு சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் மாரப்பனேதான்.

“பாஸ்வேர்ட மாத்திப்புடலாங்களா?” என்று கேட்டார் அர்ச்சுனன்.

“வேலைக்கு வர்றவங்களுக்கு மோர் குடுக்கற வூடு தம்பி இது. இத மட்டும் இல்லைன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?” என்றார் மாரப்பன்.

அர்ச்சுனனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காரணம் கிடைத்துவிட்டதே! மாடிக்குத் தனிக் கம்பி இழுத்தார். கூடத்துக்கு வேறு பெயரில் ஒரு வைஃபை, அதன் வேகத்துக்கு ஒரு வரம்பு. கீழே சீரியலும் ஓடும், மேலே மீட்டிங்கும் ஓடும். கணக்குப்படி ஓட வேண்டும். பன்னிரண்டு ஃபோனும் ஒன்றாக இழுக்கும்போதுதான் அது தெரியும். அதைப் பார்க்கவே திங்கட்கிழமை கூப்பிடாமலே வந்து நின்றார்.

மீட்டிங் முக்கால் மணி நேரமாக அறுபடாமல் ஓடியது. பெருமையோடு கூடத்தை எட்டிப் பார்த்தவருக்குத் திக்கென்றது. பன்னிரண்டு ஃபோனும் அணைந்து கிடந்தன.

“என்னங்க இது? நீங்க போட்டாத்தானே கம்பி தாங்குதான்னு எனக்குத் தெரியும்!”

“நாளைக்கு வந்து தெரிஞ்சுக்கங்கண்ணா,” என்றாள் காசியம்மாள் குரலைத் தாழ்த்தி. “இன்னைக்கு அந்தப் புள்ளையோட பொழப்பு. சீரியல் எங்க ஓடிப்போவுது?”

மேலே கதவு படாரென்று திறந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோகிலவாணி படியிறங்கி ஓடிவந்தாள்.

“இங்கயே இருந்துக்கலாம்னுட்டாங்கண்ணா! உங்க கம்பி காப்பாத்திருச்சு!”

அர்ச்சுனன் பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. புளி தட்டிக்கொண்டே இருந்தார்கள்.