வண்டியில் ஏறாத மிஷின்

அரும்பாவூர் தேவயானி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமலே கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தாள். ஒருமுறை விட்டுப்போன கணக்குப் பாடத்தை பஸ்சில் நின்றபடியே படித்துத் தேறினாள். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ஸ்க்ரூடிரைவரு?" என்று கேட்ட தாய்மாமனையே ஒரு செட் வாங்கித்தர வைத்தாள். பெரம்பலூரில், ஆண்கள் மட்டுமே இருந்த கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அவளை ஜெராக்ஸ் மிஷின் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அவள் பார்த்துக் கொடுத்த வேலைக்கும் முதலாளிதான் கையெழுத்துப் போடுவார்.

அவள் அண்ணன் உத்திராபதி எட்டாவதோடு நின்றவன். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறான். கட்டிய கயிற்றை இழுத்துப் பார்க்காமல் வண்டிச் சாவியைத் தொடமாட்டான்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது தேவயானி போன் செய்தாள்.

"அண்ணே, ஆண்டிமடம் எடைமேடையில கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. நாளைக்குப் பழைய மிஷினையே ஏத்திக் குடுக்கப்போறேன். ஓடிடுச்சுன்னா இனிமே வெளிவேலைக்கெல்லாம் நானே போலாம்னு முதலாளி சொல்லிட்டாரு. ஓடலைன்னா திரும்ப ஜெராக்ஸுதான்."

ஏத்துவது என்றால் உத்திராபதிக்கு ஒரே அர்த்தம்தான். மறுநாள் காலையில் வண்டியோடு ஆண்டிமடம் போய் நின்றான். கயிறு, அடியில் போடச் சாக்கு, மிஷினுக்கு வைக்கச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் இருந்தன.

"மிஷினு எங்க பாப்பா? எத்தனை பேரு தூக்கணும்?"

தேவயானி திரையைக் காட்டினாள். அதில் ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் பழைய விண்டோஸ் 98 ஏறிக்கொண்டிருந்தது.

"இதுதான்."

"இது படம்ல?"

"மிஷினுதான். இந்தப் புதுக் கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர்னு வச்சுக்க. இங்க எடைச்சீட்டு போடற புரோகிராம் அந்தக் காலத்துது. புது விண்டோஸ்ல திறக்காது. அத எழுதின கம்பெனியும் இப்ப இல்ல."

திடீரென்று கட்டம் இருண்டது. உத்திராபதி திரையருகே குனிந்தான்.

"போச்சா?"

"இல்லண்ணே. உள்ள இருக்கறது அணைஞ்சு எழுந்திருக்குது."

"அப்ப வெளிய இருக்கறது?"

"அது பாட்டுக்கு ஓடுது."

"உள்ள இருக்கறதுக்கு அது தெரியுமா?"

"தான் உள்ள இருக்கறதே அதுக்குத் தெரியாது."

எடைமேடைக்காரர் ஜெகதாம்பாள் சிரித்துவிட்டார். "ஏம்ப்பா, கயிறெல்லாம் கொண்டாந்திருக்கியே, எதைக் கட்டப்போற?"

உத்திராபதி சந்தனத்தில் விரலைத் தோய்த்துத் திரையருகே கொண்டுபோனான்.

"அண்ணே, திரையில வைக்காத!"

"பின்ன எங்க வைக்கறது? மிஷினு அதுக்குள்ளதான இருக்குங்கற?"

கடைசியில் மேசை விளிம்பில் பொட்டு வைத்தான். அது மிஷினுக்குச் சேர்ந்ததா, மேசைக்குச் சேர்ந்ததா என்பது அவனுக்கு விளங்கவில்லை.

புரோகிராம் திறக்கவில்லை. 'தேதி தவறு' என்று திரும்பத் திரும்பச் சொன்னது. தேவயானி நகத்தைக் கடித்தாள். பிறகு உள்ளே இருந்த மிஷினின் வருஷத்தை மட்டும் பின்னுக்குத் தள்ளினாள். உடனே திறந்துகொண்டது. எடை பார்க்கத் தைலமர லாரி ஒன்றும் அந்த நேரத்தில் வரவில்லை.

"அண்ணே, உன் வண்டிய மேடையில ஏத்து."

அன்றைக்கு அவனுக்குத் தெளிவாகப் புரிந்த பேச்சு அது ஒன்றுதான். ஏற்றிவிட்டு இறங்கி நின்றான். சீட்டு அச்சாகி வந்தது. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வெற்று எடையை இலக்கம் இலக்கமாய் ஒத்துப் பார்த்தான். சரியாக இருந்தது.

"சரி பண்ணினவங்க மொதச் சீட்டுல கையெழுத்துப் போடணும்மா. இங்க அதான் வழக்கம்," என்றார் ஜெகதாம்பாள்.

பேனாவை வாங்கிய தேவயானி, முதலாளி பெயரை எழுதப் போய் நிறுத்தினாள். அண்ணனைப் பார்த்தாள். தன் பெயரையே எழுதினாள்.

சீட்டை வாங்கிப் பார்த்த உத்திராபதி தலையைச் சொறிந்தான். "பாப்பா, தேதி 10-10-99ன்னு இருக்கே. நீ பொறந்ததே ரெண்டாயிரத்து ஒண்ணுல்ல?"

ஜெகதாம்பாள் முகம் மாறியது. "இந்தத் தேதியப் போட்டா எந்த லாரிக்காரன் சீட்ட வாங்குவான்?"

"இருங்கம்மா. திறக்கறப்ப மட்டும்தான் அது தேதி பார்க்குது." தேவயானி வருஷத்தை முன்னே நகர்த்தி இன்னொரு சீட்டு எடுத்தாள். 10-10-24 என்று வந்தது.

"நாளைக்குத் திறந்தா?"

"அதுவே பின்னாடி போயிட்டு முன்னாடி வந்துடற மாதிரி எழுதி வச்சிடறேம்மா."

பின்னாடி போய் முன்னாடி வருவது என்னவென்று உத்திராபதிக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் அந்த வாரமே தேவயானி அரியலூருக்குத் தனியாக ஒரு வேலைக்குப் போனாள். ஜெராக்ஸ் மிஷின் பக்கம் இப்போது வேறு ஆள்.

முதல் சீட்டை உத்திராபதி ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்திருக்கிறான். யாரிடம் காட்டினாலும், அச்சான வருஷத்தை நம்பக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவான். அந்த உத்திராபதி நான்தான்; என் தங்கச்சி முதன்முதலாகத் தன் வேலைக்குத் தானே கையெழுத்துப் போட்டது 2024 அக்டோபர் 10, வியாழக்கிழமை.