கொள்ளுத்தாத்தா கல்லறைக்கு டைல்ஸ் ஒட்டிய கதை

திருவண்ணாமலைக்குப் போக லீவு கேட்டபோது, "பௌர்ணமி முடிஞ்சிடுச்சே" என்றார் எங்கள் மேலதிகாரி. நான் கிறிஸ்தவன் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்த ஊருக்கு ஒருவன் வேறு எதற்குப் போவான் என்று நினைத்திருப்பார். நான் போனது ஒரு கல்லைப் படிக்க.

2006 அக்டோபர் கடைசி. அப்பாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவருக்குத் திடீரென்று பூர்வீகம் ஞாபகம் வந்துவிட்டது. அவருடைய தாத்தா சவரிமுத்து, அதாவது என் கொள்ளுத்தாத்தா, இளவயதில் வேதத்தில் சேர்ந்தவர், அதாவது கிறிஸ்தவரானவர். சேர்ந்த அன்றே சொந்த வீடு அவரைத் தள்ளிவைத்துவிட்டது. திருவண்ணாமலைக்கு வந்து பிழைத்து அங்கேயே செத்தார். விட்டுவந்த ஊரின் பெயரை அவர் வாயால் சொன்னதே இல்லையாம்.

"ஆனா அவர் கல்லுல இருக்குடா" என்றார் அப்பா. "அவரோட அப்பா பேரும், ஊர் பேரும் வெட்டியிருக்கு. சின்ன வயசுல விரலால தடவித் தடவிப் படிச்சிருக்கேன். இப்போ சுத்தமா மறந்துபோச்சு. நம்ம ஜனம் அங்க இன்னும் இருப்பாங்க. ஒருதரம் போய் அவங்க வீட்டுல ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வந்துடறேன்."

அந்த ஊர் மாதா கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவுகளைக் கரையான் தின்று பல வருடம் ஆகிறது என்று ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தேன். ஆகவே கல்லை விட்டால் வேறு வழி கிடையாது. திருவண்ணாமலையிலேயே இருக்கும் சித்தப்பா மகன் சூசைக்கு இரண்டு வாரம் முன்பே போன் செய்து, "தாத்தா கல்லறையைப் பாக்க வர்றேன்" என்று சொல்லிவைத்தேன். ஏன் பார்க்க வருகிறேன் என்று சொல்லவில்லை. நேரில் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

கோயம்பேட்டில் காலை ஆறரைக்குப் பஸ். திண்டிவனம், செஞ்சி வழியாக ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். டிக்கெட் எழுபது ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் வறுத்துவிடும். கீழ்பென்னாத்தூரில் பஸ் நின்றபோது வேர்க்கடலை மூட்டைகளோடு ஒரு குடும்பம் ஏறியது. அங்கிருந்து ஊர் வரைக்கும் சாலையோரப் பெயர்ப்பலகைகளை ஒன்று விடாமல் படித்துக்கொண்டே வந்தேன். இதில் எது நம்முடையதோ என்ற நினைப்பு. பக்கத்தில் இருந்த பெரியவரைப் பார்த்தபோதுகூட, இவர் நமக்குச் சித்தப்பா முறையாக இருப்பாரோ என்று தோன்றியது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே தோன்றியது.

பதினொன்றே காலுக்கு இறங்கினேன். ஆட்டோக்காரர், "ஆசிரமமா, கோயிலா சார்?" என்றார்.

"கல்லறைத் தோட்டம்."

ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் மலையைச் சுத்த வர்றாங்க. நீங்க கல்லறையைச் சுத்த வந்திருக்கீங்க. ஏறுங்க, நாப்பது குடுங்க."

வாசலிலேயே சூசையும் அவன் மனைவி மேரியும் காத்திருந்தார்கள். சூசை வேங்கிக்காலில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். அந்தப் பக்கம் புது வீடுகள் முளைக்க முளைக்க அவனுக்கும் வியாபாரம் ஓஹோ. முகம் முழுக்கச் சிரிப்பாக என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது. அங்கங்கே புல் செதுக்கிக்கொண்டும் சுண்ணாம்பு அடித்துக்கொண்டும் இருந்தார்கள்.

நடுவில் ஒரு கல்லறை மட்டும் பளபளவென்று கண்ணைக் கூசவைத்தது. நாலு பக்கமும் வெளிர் நீல டைல்ஸ். தலைமாட்டில் கறுப்பு கிரானைட். அதில் தங்க எழுத்தில் சவரிமுத்து. அதற்குக் கீழே "அன்புடன்" என்று போட்டு அப்பா பெயர், சித்தப்பா பெயர், என் பெயர், என் மனைவி பெயர், சூசை குடும்பம், இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பெயர் வரைக்கும். டியூப்லைட்டிலேயே உபயம் எழுதுகிற ஜனம் நாம். கிரானைட் கிடைத்தால் விடுவோமா?

"எப்படிண்ணா இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம்தான் கேட்டேன், "பழைய கல்லு எங்க?"

"அது கோணலா, பாசி புடிச்சு, பாக்கவே அசிங்கமா இருந்துச்சுண்ணா. நீங்க மெட்ராஸ்ல இருந்து வர்றீங்க, பெரியப்பாகிட்ட போய்ச் சொன்னா அவருக்கு மனசு கஷ்டமாயிடும்னு, மேஸ்திரியை வெச்சு ஒடைச்சு உள்ளயே போட்டு நிரப்பிட்டேன். அஸ்திவாரம் கெட்டியா இருக்கும்."

மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். கல்லில் என்ன இருந்தது, அப்பா எதற்காக என்னை அனுப்பினார், எல்லாம். மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. "அதுல ரெண்டு மூணு வரி இருந்துச்சு மாமா. சுண்ணாம்பு ஏறி ஒண்ணும் தெரியல. நாங்க யாரும் படிச்சுப் பாக்கலையே" என்றாள்.

சூசை விறுவிறுவென்று மூலையில் இருந்த கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையோடு வந்தான். "இப்பவே இடிச்சுடறேன்ணா. துண்டு துண்டா எடுத்துச் சேத்துப் பாக்கலாம். கெடைக்கும்ணா." ஓங்கியும்விட்டான். நான் பாய்ந்து அவன் கையைப் பிடித்தேன். பக்கத்துக் கல்லறையில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். திருநாளன்று ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கப் போகிற கல்லறை. அவன் அவ்வளவு ஆசையாகக் கட்டியது. நாலு பேர் முன்னால் அதை அவன் கையாலேயே உடைக்கவிட எனக்கு மனசு வரவில்லை. "விடுப்பா சூசை, பரவால்ல" என்றேன். அந்தப் பரவாயில்லையை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அவர்கள் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யப் போன பிறகு, கொண்டுபோன பிரஷ்ஷை வீணாக்க வேண்டாமே என்று, இரண்டு வரிசை தள்ளி யாரோ ஒருவருடைய பழைய கல்லில் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். சுண்ணாம்பு அப்படியே பட்டை பட்டையாக உரிந்தது. வருடா வருடம் அடித்த சுண்ணாம்பு எழுத்தை மறைத்ததே தவிர அழிக்கவில்லை. மழை வெயில் படாமல் காப்பாற்றியும் வைத்திருக்கிறது. அரைமணியில் எல்லாம் தெரிந்துவிட்டது: இன்ன ஊர், இன்னாருடைய குமாரன், இன்ன வருஷம். முன்பின் தெரியாத ஒருவருடைய வம்சம் எனக்கு வரி வரியாகக் கிடைத்தது. உட்கார்ந்து அழுதேன்.

நீங்களும் இப்படிப் போவதாக இருந்தால் சில விஷயம். பௌர்ணமியையும் தீபத்தையும் ஒட்டிப் போகாதீர்கள், பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. தங்க வேண்டுமென்றால் ரமணாசிரமம் பக்கம் வாடகை அறைகள் நிறைய உண்டு. காலையிலேயே போய்க் கேளுங்கள். கல்லறைத் தோட்டம் பூட்டியிருந்தால் சாவி கோயிலில் இருக்கும், ஃபாதரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போவது மரியாதை. மிருதுவான பிரஷ், ஒரு குடம் தண்ணீர் போதும். கம்பி பிரஷ், ஆசிட் பக்கமே போகாதீர்கள். வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் போட்டோ எடுத்தால் மங்கின எழுத்தும் தெரியும். சொந்தக்காரர்களுக்குச் சொல்வதாக இருந்தால், எதற்கு வருகிறீர்கள் என்பதையும் முழுசாகச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் சொல்லாமலே போய் நில்லுங்கள். நம் ஜனம் விருந்தாளி வருகிறான் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற ஜனம்.

சாயங்காலப் பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன். மறுநாள் காலையில் அப்பாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, எடுத்துவந்த கல்லறைப் படத்தைக் காட்டினேன். கிரானைட்டில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக, சத்தம் போட்டு, பேத்தி பெயர் வரைக்கும் படித்தார். திரும்ப மேல்வரிக்குப் போய் ஊர் பேரைத் தேடினார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். சூசையைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"அவன் கடப்பாரையை எடுத்தானா?"

"எடுத்தான்பா. ஓங்கியும்விட்டான்."

அப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ ஏன்டா அவன் கையைப் புடிச்ச?"