தானட்டோஸும் என் தம்பியும்

கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். கிரேக்கர்களின் சாவுத் தேவன் தானட்டோஸ் என் வகுப்பில் எல்லாருக்கும் பிடித்தவன். எமனைப்போல எருமையோ பாசக்கயிறோ அவனுக்குக் கிடையாது. சிறகு உண்டு, தூக்கம் அவனோடு பிறந்த இரட்டை. மெல்லத் தொட்டு அழைத்துப்போவான். உளப்பகுப்பாய்வுக்காரர்கள் பின்னால் அவனை மனசுக்குள்ளேயே குடிவைத்துவிட்டார்கள். வாழும் ஆசையோடு, எல்லாம் அடங்கி அசையாமல் கிடக்கும் ஆசையும் மனிதனுக்குள் இருக்கிறதாம்.

இதை வகுப்போடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

என் வீட்டுக்காரர் திரேஸ்புரத்திலிருந்து கடலில் சங்கு குளிக்கப் போய்வந்தவர். இடுப்பில் கயிறு, வாயில் காற்றுக் குழாய். மேலே வள்ளத்தில் கயிறு பிடிக்க மனைவியின் கூடப்பிறந்தவன்தான் வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்காள் தாலியறுக்க எந்தத் தம்பியும் விடமாட்டான் என்ற நம்பிக்கை. அப்படித்தான் என் தம்பி பிடித்தான்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து தம்பியோடு சேர்ந்து சாப்பிடும்போது இவர், "கீழ போயிட்டா ஒரு சத்தம் கெடையாது. மேல வரவே மனசு வராது" என்றார். நான் விடுவேனா? தானட்டோஸை இழுத்துவந்து முழுப் பாடமும் நடத்தினேன். இவர் சிரித்துவிட்டு இன்னொரு மீன் துண்டு கேட்டார். தம்பி சிரிக்கவில்லை.

"அத்தானுக்கு அப்படி ஆச இருக்காக்கா?"

"எல்லாருக்கும் இருக்குலே" என்றேன், பெரிய மேதாவிபோல.

அடுத்து கடலுக்குப் போன அன்று கயிறு கொஞ்சநேரம் அசையவில்லை. இவர் கீழே பாறையிடுக்கில் சங்கைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். தம்பிக்கு நான் சொன்னதுதான் காதில் கேட்டதாம். ஒரே மூச்சில் இழுத்துவிட்டான். ஆழத்திலிருந்து நின்று நின்று மெதுவாக வரவேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததா? பயம் வந்தால் தெரிந்தது எங்கே நிற்கும்? வள்ளத்தில் ஏற்றியபோதே இவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மேலே வந்த வேகம்தான் காரணம் என்றார் டாக்டர்.

சாவு வரவில்லை. அதற்கு மாதாவுக்கு நன்றி சொல்லவேண்டும், சொல்கிறேன். ஆனாலும் அந்த மத்தியானம் வாயை மூடியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று நினைக்காமல் ஒரு வாய்ச் சோறு இறங்குவதில்லை.

தம்பி பல மாதம் வீட்டுப்பக்கமே வரவில்லை. போன வாரம் இவரே போனில் கூப்பிட்டார். "கட்டில்லருந்து நாற்காலிக்கு என்னைய மாத்த ஒன் அக்காளால முடியல. வாலே."

வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்து, இவர் அக்குளில் கைகொடுத்து, வெடுக்கென்று தூக்கப்போனான்.

"மெதுவாலே, மாப்ள" என்றார் இவர். சாதாரணமாகத்தான் சொன்னார்.

தம்பி அவரை நெஞ்சோடு பிடித்தபடியே நின்று அழுதான். நான் நாற்காலியை நகராமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.