ஆட்டின் படம் நன்றாக வந்தது

என் மேஜை மேல் ஓர் ஆட்டின் போட்டோ இருக்கிறது. அருமையான போட்டோ. காது விறைத்து நிற்கிறது. கண் நேராகக் கேமராவைப் பார்க்கிறது. தாடி மயிரை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். இதைப் பார்க்கும்போதெல்லாம் குப்புறக் கவிழ்த்து வைத்துவிடலாமா என்று தோன்றுகிறது.

ஆட்டை ஏனய்யா கவிழ்த்து வைக்க வேண்டும் என்கிறீர்களா? சொல்கிறேன்.

எங்கள் போட்டோ கிளப்பைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே ஓரிரு முறை புலம்பியிருக்கிறேன். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக… விருத்தாசலத்தில் பீங்கான் செய்கிறவர்கள் அதிகம், போட்டோ எடுக்கிறவர்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் பேர் சேர்ந்து நடத்துவதுதான் கிளப். ஆளுக்கொரு கேமரா வாங்க யாருக்கும் வசதி இல்லை. எல்லோருக்கும் ஒரே கேமரா, மாதத்துக்கு ஒரே ஃபிலிம் ரோல். அதில் விழும் பன்னிரண்டு படத்தையும் பங்காளிச் சொத்து மாதிரி பங்கு போட்டுக்கொள்வோம்.

செக்ரட்டரி சாம்பசிவம். ரயில்வே பார்சல் ஆபீஸ்காரர். அவர் வகுத்த சட்டம் இரண்டு. எதையும் ஒரு தடவைதான் எடுக்கலாம்—மந்திரியே வந்து நின்றாலும் ஒரே க்ளிக். அடுத்தது, ரோல் முடியாமல் கேமராவைத் திறக்கக் கூடாது. இந்தச் சட்டங்களை மீறியவர் போன வாரம்வரை யாரும் இல்லை.

போன மாதம் வெலிங்டன் ஏரிக்கு ஒரு நாள் பயணம் போனோம். ஜவுளிக்கடை ரஹ்மான் பாய் எங்கள் மெம்பர். அவர் அன்றைக்குத் தம்பி யூசுப்பையும் அம்மாவையும் அழைத்து வந்திருந்தார். யூசுப்புக்குத் துபாயில் வேலை கிடைத்திருந்தது. பம்பாய் போய் அங்கிருந்து கப்பல். போகும்போது அம்மாவின் போட்டோ ஒன்று வேண்டும் என்று பையனுக்கு ஆசை. அந்த அம்மாவோ பிறந்ததிலிருந்து கேமராவுக்கு முன்னால் நின்றதில்லை.

“எம் மூஞ்சில என்னா இருக்குது எடுக்கறதுக்கு?” பஸ்ஸில் வழி முழுக்க இதே பேச்சு. யூசுப் கெஞ்சியும் பார்த்தான், கோபித்தும் பார்த்தான். அம்மா அசையவில்லை.

சாயங்காலம் ஏரிக்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தவர், என்ன நினைத்தாரோ, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

“சரி, எடுத்துக்க. ஒரு தடவதான். அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது.”

கேமரா அப்போது என் கையில். என் பங்குப் படம். எடுத்தேன்.

அவ்வளவுதான், அந்த நிமிஷம் பிடித்தது சனி! தூரம் சரியாக வைத்தேனா? கை ஆடியதா? விரல் லென்ஸை மறைத்திருக்குமோ? பொதுவாகவே நான் கவலைப்படுவதில் கெட்டிக்காரன். சாப்பிட உட்கார்ந்தால் அந்த அம்மாவின் முகம் மங்கலாக வந்து நிற்கும். “படத்தக் கழுவிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது” என்பாள் என் மனைவி. கழுவ முடிந்தால்தானே? ரோலில் இன்னும் நாலு படம் பாக்கி. அந்த நாலும் சாம்பசிவத்தின் பங்கு. கொளஞ்சியப்பர் கோயில் சூரசம்ஹாரத்துக்கு என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

யூசுப் புறப்பட இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் நாங்களும் இருந்தோம். போன வியாழக்கிழமை காலையில் பம்பாயிலிருந்து தந்தி வந்தது. கப்பல் முன்னாடியே கிளம்புகிறதாம். அன்று சாயங்கால வண்டியைப் பிடித்தாக வேண்டும்.

வெளியில் ஐப்பசி மழை அடித்துக்கொண்டு ஊற்றுகிறது.

ரஹ்மான் பாய் கடையில் கிளப் கூடியது. “நாலு படம் போனாப் போவட்டும், ரோலைப் பிரிச்சிடலாம்” என்றேன். சாம்பசிவத்துக்கு மனசு வரவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் வளர்ந்த விதம் அப்படி. எடுக்காத படத்தைக் கழுவுவதாவது!

“இப்பவே எடுத்து முடிச்சிடுவோம். அஞ்சு நிமிஷ வேலை.”

மழை கொஞ்சம் விட்ட நேரம். கடைவாசலில் நின்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளினார். லைட் கம்பம் ஒன்று. அவிழ்த்துவிட்ட மாட்டுவண்டி ஒன்று. எதிர் வீட்டுச் சுவர் ஒன்று. கடைசியாக, கடைப்படியில் ஒதுங்கி நின்று நோட்டீஸைத் தின்றுகொண்டிருந்த ஆடு. கேமரா நனையாமல் குடை பிடித்துக்கொண்டிருந்தவன் யூசுப். “கிட்டப் போய் எடுங்கண்ணே, நல்லா வரும்” என்று ஆட்டை அவனே பிடித்தும் கொடுத்தான்.

கடைக்குப் பின்னால் இருக்கும் குடோன்தான் எங்கள் இருட்டறை. அங்கே கலியபெருமாள்தான் ராஜா. பீங்கான் பொம்மை செய்யும் பட்டறையில் வேலை. ஃபிலிம் கழுவும் தட்டுகள்கூட அவர் கொண்டுவந்தவைதான்—சூளையில் கோணிப்போய்க் கழித்துக் கட்டிய பீங்கான் தட்டுகள். உள்ளே போனார். நாங்கள் வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

கதவு திறந்தது. “வுழுந்திருக்குது சார்! அம்மா சும்மா ஜம்முனு வுழுந்திருக்காங்க!”

எட்டிப் பார்த்தேன். சொட்டச் சொட்ட நெகடிவ். அதில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். முகம் துல்லியம். கண் திறந்திருந்தது. ரஹ்மான் பாய் என்னைக் கட்டிக்கொண்டார். ஒரு மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. என் ஆயுசில் அவ்வளவு நிம்மதியான நிமிஷங்கள் சொற்பம்.

ஆனால் ஃபிலிம் காய வேண்டாமா? காய்ந்தால்தானே பிரிண்ட் போட முடியும்? கொடியில் மாட்டினோம். ஒரு மணி நேரம் ஆயிற்று, அப்படியே ஈரம். விசிறி எடுத்து வீசினோம். மழைக் காற்றை வீசினால் எது காயும்? மணி இரண்டு, இரண்டரை… சாம்பசிவம் வண்டி வரும் நேரத்தைக் கால்மணிக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டிருந்தார், எங்களுக்குத் தெரியாது என்பது போல.

அப்போதுதான் கலியபெருமாள் சொன்னார். “எங்க பட்டறைல பொம்மை காய வெக்கிற ரூம்பு இருக்குது சார். சூளைக்குப் பக்கத்துலயே. என்னா மழ பேஞ்சாலும் அர மணியில மொடமொடன்னு ஆயிடும்.”

யாராவது ஒருத்தர் வேண்டாம் என்றோமா? மூச்! அட, இது ஏன் முன்னாடியே தோணலை என்று அவர் முதுகில் தட்டினோம். இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். எங்கள் ஊரில் எது நனைந்தாலும் சூளைக்கு எடுத்துக்கொண்டு ஓடுவோம். மழைக்காலத்தில் அந்த ரூமில் பொம்மையோடு பொம்மையாகப் பள்ளிக்கூடச் சட்டை காயும், வடகம் காயும், கல்யாணப் பட்டுப்புடவைகூடக் காய்ந்திருக்கிறது. சூடு காட்டினால் ஈரம் ஓடிவிடும்—பிறந்ததிலிருந்து நாங்கள் பார்த்தது அது ஒன்றுதான்.

மண் சூட்டில் இறுகும். ஃபிலிம் மேல் இருக்கும் பசை சூட்டில் இளகும். இது எங்களில் ஒருத்தருக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

ஃபிலிமை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போன கலியபெருமாள் அரை மணி கழித்து வந்தார். நனைந்துகொண்டே வந்தார். கையில் குடை இருந்தது, விரிக்கவில்லை. முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

சூளைப் பக்கம் இருந்த பாதி ஃபிலிம் வழிந்துபோயிருந்தது. அதில்தான் அந்த அம்மா. கதவுப் பக்கம் இருந்த மீதிப் பாதிக்கு ஒன்றும் ஆகவில்லை. லைட் கம்பம், மாட்டுவண்டி, சுவர், ஆடு எல்லாம் பத்திரம். எல்லாவற்றின் மேலும் வெள்ளை மண்தூசி வேறு அப்பிக்கிடந்தது. அதிலும் ஆட்டுக்கு மட்டும் விதிவிலக்கு!

இருந்ததை வைத்து பிரிண்ட் போட்டோம். அந்த அம்மாவின் முகம் நெற்றியிலிருந்து மோவாய் வரை கரைந்து இறங்கியிருந்தது. முந்தானை தெரிந்தது. மடியில் வைத்த இரண்டு கையும் தெரிந்தன.

கலியபெருமாள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். யூசுப்தான் வாங்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“கை நல்லா வந்திருக்குதுண்ணே. அம்மா கையேதான். வளையலுகூடத் தெரியுது பாருங்க.”

சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எங்களைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னான் என்பது எனக்குத் தெரியாதா? அவன் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டி வந்து நின்றது. அந்த அம்மாவும் வந்திருந்தார். நான் சாம்பசிவத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வயசுக்குத் தகுந்த காரியமா அது? ஆனால் ஒளிந்தேன்.

“தம்பி, இங்க வா.”

போனேன். “மன்னிச்சிடுங்கம்மா. ஒரே தடவதான்னு சொல்லி உக்காந்தீங்க, அதையும் நாங்க…”

“அத வுடு. எம் மூஞ்சி அவனுக்குத் தெரியாதா? பொறந்ததுலேருந்து பாக்குறான். கண்ண மூடுனா வந்துட்டுப் போறேன்.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “ஆட்டக்கூட எடுத்தீங்களாமே. கொட புடிச்சிக்கிட்டு நின்னவன எடுக்கத் தோணலையா?”

வண்டிக்குள் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்த யூசுப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

“அவன் எம் படத்தக் கொண்டுக்கிட்டுப் போயிடுவான். நான் வூட்டுல எதப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறது?”

ஒரு மாதமாகக் கவலைப்பட்டேனே, அதில் இந்தக் கவலை எங்கே போயிற்று? ஓயாமல் கவலைப்படுகிறவன் எதையும் விட்டுவிட மாட்டான் என்று எனக்கு ஒரு நினைப்பு. சுத்தப் பொய். கிளப் மொத்தமும் போகிறவன் எதை எடுத்துக்கொண்டு போவான் என்றே அலைந்தோம். இருக்கிறவர் கையில் என்ன மிஞ்சும் என்று ஒரு தலைக்கும் தோன்றவில்லை.

சாம்பசிவம் தோளிலிருந்த பையைத் திறந்தார். கேமரா! மத்தியானமே அடுத்த மாதத்து ரோலைப் போட்டு வைத்திருக்கிறார். காலிக் கேமராவோடு வெளியே கிளம்ப அவருக்குக் கை வராது.

“எடுங்க சார்.” கேமராவை என் கையில் வைத்தார். “ரெண்டு எடுங்க.”

சட்டத்தை எழுதியவரே சொல்கிறார்! அம்மா போய் யூசுப்பின் காலரை இழுத்துச் சரி செய்தார். தலையைக் கோதிவிட்டார். கோதியதே மறுபடி கலைந்தது, மறுபடியும் கோதினார். இருட்டிக்கொண்டு வருகிறது. ப்ளாட்பாரத்து விளக்கோ அழுது வடிகிறது. லென்ஸை முடிந்தமட்டும் திறந்தேன். மூச்சைப் பிடித்தேன். வண்டி ஊதிவிட்டது. ஒன்று. வண்டி நகருகிறது, அவன் கதவைப் பிடித்துக்கொண்டு கை காட்டுகிறான். இரண்டு.

மறுநாளிலிருந்து ரஹ்மான் பாயிடம் அம்மா காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை கேட்கிறாராம்—“கழுவியாச்சா?”

நேற்று சாம்பசிவம் கலியபெருமாளையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ரோலில் பத்துப் படம் பாக்கி. ஜன்னலில் போர்வையைக் கட்டினார். கேமராவைத் தன் கையாலேயே திறந்தார். கலியபெருமாள்தான் கழுவினார்.

இரண்டும் விழுந்திருக்கின்றன. ஒன்றில் யூசுப் அசைந்துவிட்டான். இன்னொன்றில் நேராக நிற்கிறான். கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? அன்றைய மங்கல் வெளிச்சத்தில் நெகடிவில் புரியவில்லை, பிரிண்ட் போட்டால்தான் தெரியும். பிரிண்ட் போட வேண்டுமானால் ஃபிலிம் காய வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் தலைக்கு மேலே கொடியில் அது தொங்குகிறது. வெளியே மழை விட்டபாடில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டேன். ஃபேன் போடவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் அந்தப் பக்கத்து அறைக்கு அனுப்பியாயிற்று. எத்தனை நாள் ஆனாலும் தானாகவே காயட்டும்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. இந்த வாரம் யாரும் என் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்… தூசி வரும்.